பேரறிஞர் ஒயிலரும் பத்திலக்க எண்கள் இரண்டும்

மூத்தோர் சொல்லை நெல்லிக்கனிக்கு ஒப்பிடுவது எம்மவர் வழக்கு. முதலிற் கைத்துப் பின்னர் இனிக்கும் என்பது அதன் கருத்து. அவ்வழக்கை யாம் மறுக்கவில்லை. ஆயினும், மூத்தோர் ஒருவர் கூறிய கூற்றே பிழையோ என்னும் ஐயம் ஓர் இளைஞனின் உள்ளத்தில் எழுமாயின் அவன் செய்யத்தக்கது யாது? பெரியவர் சொல்லிவிட்டார் என்று வாய்மூடி இருப்பதா? பெரியவருக்கு என்ன தெரியும் என்று எள்ளி நகைப்பதா? இவ்விரண்டிலுஞ் சேராத மூன்றாவது வழியொன்று உண்டு. அவ்வழியில் எழுபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த பேரறிஞர் ஒருவரின் சரிதையை இம்மலரின் வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம். அவர் பெயர் லெயோனாட் ஒயிலர்.

சரிதையைத் தொடங்குமுன் எம்மைப் பற்றிய உண்மையொன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். யாம் மிசன் பாடசாலையிற் பயின்ற காலத்தில், எண்கணிதப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடைகள் அச்சிடப்பட்டிருக்கும். எமது விடை அவ்விடையோடு பொருந்தாவிட்டால் யாம் செய்கையைத் திரும்பப் பார்ப்பதில்லை. அந்த விடை வரும்படி செய்கையை வளைத்துவிடுவோம். ஒருநாள் அச்சிட்ட விடையே பிழையாய் இருந்தது. வகுப்பிலிருந்த அத்தனை பேரும் அந்தப் பிழையான விடைக்கே ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தோம்! ஆசிரியர் கரும்பலகையிற் கணக்கைச் செய்து காட்டியபோது எமக்கு உண்டான வெட்கம் இன்னும் மாறவில்லை. ஒயிலரின் வரலாற்றைப் பல்கலைக்கழகத்திற் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்ததும் அந்த வெட்கமே.

சுவிற்சலாந்து நாட்டிலே, றைன் நதிக்கரையில், பாசல் என்னும் பழைய நகரம் உளது. அங்கே 1707 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 15 ஆம் திகதி ஒயிலர் பிறந்தார். தந்தையார் புரட்டஸ்தாந்த சபையின் குருவானவர். தம் மைந்தனும் தம்மைப்போலக் குருவாகி இறைபணி செய்யவேண்டும் என்பதே அவருடைய அவா. பதின்மூன்றாவது வயதிலேயே பாசல் பல்கலைக்கழகத்திற் புகுந்த மைந்தன், தந்தையின் விருப்பப்படி சமயக் கல்வியும் கற்றான். ஆனால் உள்ளமோ கணிதத்தின்பால் ஓடிற்று.

அக்காலத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்த கணிதர்களுள் ஒருவரான யோகான் பேர்ணூலி பாசலில் ஆசிரியராய் இருந்தார். ஒயிலர் அவரை அணுகித் தனியாகப் பாடஞ் சொல்லித்தருமாறு வேண்டினார். பேர்ணூலி அதற்கு இணங்கவில்லை. கடினமான நூல்களைத் தானே படிக்கும்படியும், விளங்காத இடங்களை மாத்திரம் சனிக்கிழமை பிற்பகலிற் கொண்டுவரும்படியும் பணித்தார். சனிக்கிழமை அதிகம் கேளாதிருக்கவேண்டும் என்பதற்காகவே கிழமை முழுதும் அந்த மாணவன் கண்துஞ்சாது படித்தான். பிறர் வாயிலாகக் கேட்டு ஏற்பதினும் தானே முயன்று தெளிதல் நன்று என்னும் பழக்கம் இவ்வாறே அவரிடம் வேரூன்றியது. மைந்தனின் ஆற்றலைப் பேர்ணூலியே தந்தைக்கு எடுத்துரைக்க, தந்தையும் மனம் இசைந்தார்.

1727 இல், இருபது வயதில், ஒயிலர் உருசிய நாட்டின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரை அடைந்தார். அங்கே புதிதாக நிறுவப்பட்டிருந்த விஞ்ஞானக் கழகத்தில் அவருக்குப் பதவி கிடைத்தது. அக்கழகத்தின் செயலாளராய் விளங்கிய கோல்ட்பாக் என்பவர் ஒயிலரைவிடப் பதினேழு வயது மூத்தவர். எனினும் இருவரும் நண்பராயினர். 1729 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் முதலாந் திகதி கோல்ட்பாக் ஒயிலருக்கு எழுதிய கடிதமொன்றில் ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார். பேர்மாவின் கூற்று ஒயிலருக்குத் தெரியுமா என்பதே அது. அன்று ஒயிலருக்கு வயது 22.

பேர்மா என்பவர் யார்? பிரான்சு நாட்டிலே துலூஸ் நகரின் நீதிமன்றத்தில் உறுப்பினராய் இருந்தவர். 1665 இல் மறைந்தவர். கணிதம் அவருக்கு ஓய்வுநேர இன்பமே. ஆயினும் எண்களின் இயல்பை அவர்போல் அறிந்தவர் அவர் காலத்தில் எவருமிலர். அவர் 1640 அளவில் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு கூற்றை மொழிந்திருந்தார். அதனை எளிய முறையில் விளக்குவோம்.

இரண்டை எடுத்துக்கொள்க. அதை வர்க்கித்தால் 4. அதை வர்க்கித்தால் 16. மேலும் வர்க்கித்தால் 256. அதன் பின் 65,536. இவ்வொவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுக. 3, 5, 17, 257, 65,537 என்பன கிடைக்கும். இவ்வைந்தும் முதன்மை எண்கள். அதாவது ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. இவ்வரிசையில் வரும் எண்கள் முழுவதும், எவ்வளவு தூரம் சென்றாலும், முதன்மை எண்களாகவே இருக்கும் என்று பேர்மா நம்பினார். நிறுவல் தம் கைவசம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் அவர் புகழ் பெரிது; நம்பிக்கையும் உறுதியானது.

வரிசையில் ஆறாவது எண் யாது? 65,536 ஐ வர்க்கித்து ஒன்றைக் கூட்டினால் வருவது 4,294,967,297. எம் நாட்டு வழக்கிற் கூறின், 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. பத்து இலக்கங்களைக் கொண்ட இவ்வெண் முதன்மையானதா? அதை நேரே சோதிப்பதாயின் 65,536 வரையுள்ள முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். அவை 6,542 உள. யார் இவ்வளவு பாடுபடுவார்? பேர்மா சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று உலகம் விட்டுவிட்டது. ஒன்றல்ல, இரண்டல்ல, தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

ஒயிலர் தொடக்கத்தில் இக்கேள்வியில் அதிகம் ஊக்கங் காட்டவில்லை. பின்னர் பேர்மாவின் நூலைத் தாமே எடுத்துப் படித்தார். எண்களின் ஆராய்ச்சி அவரைப் பற்றிக்கொண்டது. 1732 இல், தமது இருபத்தைந்தாவது வயதில், கழகத்துக்குச் சிறு கட்டுரையொன்றை அளித்தார். அதிற் கூறப்பட்ட செய்தி இதுதான்: 4,294,967,297 என்பது 641 ஆல் மீதியின்றி வகுபடும். ஈவு 6,700,417. பேர்மாவின் கூற்று இவ்வொரு கணக்கோடு வீழ்ந்தது.

641 ஐ எவ்வாறு கண்டார் என்பதை அக்கட்டுரையில் அவர் விளக்கவில்லை. பல ஆண்டுகளின் பின் எழுதிய மற்றொரு கட்டுரையில் வழியைக் காட்டினார். அந்தப் பத்திலக்க எண்ணுக்கு முதன்மைக் காரணி எதுவும் இருக்குமாயின், அதை 64 ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகவே இருத்தல் வேண்டும் என்று அவர் நிறுவினார். அவ்வாறான எண்கள் 65, 129, 193, 257 என்று செல்வன. அவற்றுள் முதன்மை எண்களை மாத்திரம் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை! ஆறாயிரத்து ஐந்நூறு வகுத்தல்கள் வேண்டியிருந்த இடத்தில் ஐந்து வகுத்தல்கள் போதுமாயின. பாரம் பெரிதென்று கண்டு எல்லாரும் ஒதுங்கி நின்றனர். அவரோ அதனைத் தூக்கும் வகையை முதலில் ஆராய்ந்தார்.

இங்கே ஒன்றை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இத்தகைய நுண்ணிய வழி எதுவுந் தெரியாதவர்கூட, 2, 3, 5, 7 என்று முதன்மை எண்களால் ஒழுங்காக வகுத்துக்கொண்டு சென்றிருந்தால் நூற்றுப்பதினாறாவது வகுத்தலில் 641 ஐ அடைந்திருப்பார். பொறுமையுள்ள ஒருவருக்கு அது சில நாள் வேலையே. தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளாக ஒருவரும் அதைச் செய்யாதிருந்தமைக்கு அறிவின் குறைவு காரணமன்று. பெரியவர் சொல்லிவிட்டார் என்னும் எண்ணமே தடையாய் நின்றது போலும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையை நம்பிய எமக்கு இது நன்றாக விளங்குகின்றது.

பேர்மாவைப் பிழைபிடித்தமையால் ஒயிலர் செருக்குற்றாரா? இல்லை. பேர்மா நிறுவலின்றி விட்டுச்சென்ற வேறு கூற்றுகளை எடுத்து, அவற்றிற் பலவற்றைத் தாமே நிறுவி நிலைநாட்டினார். இன்று கணித மாணவர் யாவரும் பேர்மாவின் பெயரால் கற்கும் தேற்றங்கள் சிலவற்றுக்கு முதலில் நிறுவலை வெளியிட்டவர் ஒயிலரே. பிழையான ஒன்றை நீக்கியதோடு உண்மையான பலவற்றுக்கு அடித்தளமிட்டுப் பெரியவரின் பெயரை வாழவைத்தவரும் அவரே.

இன்னொன்றும் உண்டு. பேர்மாவின் பிழையைக் காட்டிய அதே 1732 ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒயிலரும் பிழைவிட்டார்! அவரது சோதனைக்குட்பட்ட இரண்டாவது பத்திலக்க எண்ணின் கதையும் அங்கேதான் தொடங்குகின்றது.

ஓர் எண்ணின் காரணிகளை, அவ்வெண்ணை விடுத்து, ஒன்றாகக் கூட்டினால் அதே எண் வருமாயின் அதனை நிறைவெண் என்பர். 6 இன் காரணிகள் 1, 2, 3, கூட்டினால் 6. 28 இன் காரணிகள் 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இரண்டின் வலுவொன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வருவது முதன்மை எண்ணாயின், அதிலிருந்து ஒரு நிறைவெண்ணை ஆக்கலாம் என்று பண்டைக் கிரேக்க அறிஞர் யூக்கிளிட்டு காட்டியிருந்தார். பிரான்சு நாட்டுத் துறவியாகிய மேர்சென் என்பவர் 1644 இல், இதற்குப் பொருந்தும் வலுக்கள் இவையென ஒரு பட்டியலை வெளியிட்டார். அதில் 31 உம் ஒன்று. முப்பத்தோர் இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2,147,483,647 வரும். இது முதன்மை எண் என்பது மேர்சென்னின் கூற்று.

இளம் ஒயிலர் தமது கட்டுரையில் 31 ஐ ஏற்றதோடு நில்லாது, 41, 47 என்னும் வலுக்களும் பொருந்தும் என்று துணிந்து எழுதிவிட்டார். அவை பொருந்தா. பிறர் கூற்றைச் சோதித்தவர் தம் கூற்றைச் சோதிக்க மறந்தார். ஆனால் அவர் அப்பிழையைப் பிடித்துக்கொண்டு வாதாடவில்லை. இருபது ஆண்டுகளின் பின், 1752 இல், அதே கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில், தமக்கு உறுதியாகத் தெரிந்த நிறைவெண்கள் ஏழேயென்றும், 31 ஆம் வலுவைப் பற்றித் தமக்கே ஐயமென்றும் ஒப்புக்கொண்டார். அப்போது அவர் ஐரோப்பா முழுதும் புகழ்பெற்ற அறிஞர்!

இதற்கிடையில் அவர் வாழ்க்கையில் எத்தனையோ நிகழ்ந்துவிட்டன. 1734 இல் கதறீனா என்னும் ஓவியர் மகளை மணந்தார். பதின்மூன்று பிள்ளைகள் பிறந்தும் இளமைப் பருவங் கடந்து எஞ்சியவர் ஐவரே. 1738 இல் நோயினால் வலக்கண்ணின் பார்வை போயிற்று. 1741 இல் பிரசிய மன்னர் பிரெடறிக்கின் அழைப்பை ஏற்றுப் பேர்ளின் நகரஞ் சென்று அங்கே இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். நாவன்மையும் நகைச்சுவையும் மிக்க அவையையே அம்மன்னர் விரும்பினார். ஒயிலரோ அடக்கமானவர், மாலைதோறும் குடும்பத்தவரைக் கூட்டி வழிபாடு நடத்துபவர். ஒற்றைக் கண்ணை வைத்து மன்னரே அவரைக் கேலி செய்ததுண்டு. 1766 இல் அரசி இரண்டாம் கதறீனின் அழைப்பை ஏற்று மீண்டும் சென் பீற்றர்ஸ்பேர்க் சென்றார்.

அங்கே மற்றக் கண்ணும் மங்கத் தொடங்கிற்று. 1771 இல் செய்த சத்திரசிகிச்சையின் பின் நோய் பற்றி, பார்வை ஏறக்குறைய முற்றாக ஒழிந்தது. அதே ஆண்டில் நகரத்தில் மூண்ட பெருந்தீ அவர் வீட்டையும் பற்றியது. அவரது ஊரவரான பீற்றர் கிறிம் என்னும் தொழிலாளி எரியும் வீட்டினுட் புகுந்து, கண்ணிழந்த முதியவரைச் சுமந்து வெளியேற்றினார். இரண்டு ஆண்டுகளின் பின் மனைவியும் மறைந்தார்.

இத்துணை இடரும் வந்தபின் ஒருவர் ஓய்ந்திருப்பாராயின் அவரைக் குறை கூறுவார் எவர்? ஒயிலர் ஓயவில்லை. கணக்குகளை மனத்திலே செய்து, மைந்தரையும் மாணவரையும் கொண்டு எழுதுவித்தார். தமது ஆக்கங்களில் ஏறக்குறைய அரைவாசியை இக்கடைசிக் காலத்திலேயே இயற்றினார் என்பர். மாணவர் இருவர் நீண்ட தொடரொன்றைக் கூட்டி, ஐம்பதாவது தசமதானத்தில் மாறுபட்டபோது, அவர் முழுக் கணக்கையும் மனத்திலே செய்து எவர் விடை சரியென்று தீர்த்தார் என்றும் ஒரு செய்தி உண்டு.

இத்தகைய நிலையிலேதான், 1772 இல், அந்த இரண்டாவது பத்திலக்க எண்ணைத் தீர்த்துவைத்தார். 2,147,483,647 ஐ நேரே சோதிப்பதாயின் 46,340 வரையுள்ள, ஏறத்தாழ 4,800 முதன்மை எண்களால் வகுக்கவேண்டும். ஒயிலரோ, அதற்கு முதன்மைக் காரணி இருப்பின், அதை 248 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகவே இருக்கும் என்று காட்டினார். அதனால் சோதிக்கவேண்டியவை 80 அளவிற் குறைந்தன. அவற்றுள் எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. எனவே மேர்சென் சொன்னது உண்மை. அவ்வெண் முதன்மை எண்ணே. இம்முடிவை அவர் கடிதவாயிலாகப் பேர்ளினுக்கு அறிவித்தார். அக்கடிதத்தைப் பெற்றவர் எவர் தெரியுமா? சனிக்கிழமைகளில் அவருக்கு வழிகாட்டிய பழைய ஆசிரியரின் பேரர். பாட்டனாரின் பெயரே அவருக்கும்.

அன்று உலகம் அறிந்த முதன்மை எண்களுள் அதுவே மிகப் பெரியது. அதிலிருந்து பிறந்த எட்டாவது நிறைவெண் 2,305,843,008,139,952,128, பத்தொன்பது இலக்கங்கள். எமது காலத்துக் கணனிகளிலும் இந்த எண்ணைக் காணலாம். முப்பத்திரண்டு துவித இலக்கங்களில் நேர், மறை முழுவெண்களை எழுதும் வழக்கமான முறையில், அடங்கக்கூடிய ஆகப் பெரிய எண் 2,147,483,647 ஆகும்.

ஆகவே இருபத்தைந்து வயதில் ஒரு பெரியவரின் கூற்றைச் சோதித்தார், அது பொய்த்தது. அறுபத்தைந்து வயதில், கண்ணிழந்த நிலையில், மற்றொரு பெரியவரின் கூற்றைச் சோதித்தார், அது மெய்த்தது. இரண்டு நாளும் அவர் செய்தது ஒரே செயல். வீழ்த்தவேண்டும் என்றும் அவர் தொடங்கவில்லை. தாங்கவேண்டும் என்றும் தொடங்கவில்லை. வகுத்துப் பார்த்தார், கண்டதைக் கூறினார்.

1783 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 18 ஆம் திகதி, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனசு என்னும் கோளின் பாதையைப் பற்றி உரையாடிய அன்றே, மூளையில் இரத்தம் கசிந்து அவர் உயிர் துறந்தார். எண்ணூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆக்கங்களை அவர் விட்டுச்சென்றார்.

அவர் சொற்களும் சோதனைக்குத் தப்பவில்லை. ஐந்தாம் வலுக்கள் நான்கினைக் கூட்டி மற்றோர் ஐந்தாம் வலுவைப் பெறல் இயலாது என்று ஒயிலர் கருதியிருந்தார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அக்கருத்து நின்றது. 1966 இல் இலாண்டர், பார்க்கின் என்னும் இருவர் கணனியின் துணையோடு அதனை உடைத்தனர். 27, 84, 110, 133 ஆகியவற்றின் ஐந்தாம் வலுக்களைக் கூட்டினால் 61,917,364,224 வரும். 144 இன் ஐந்தாம் வலுவும் அதுவே. இச்செய்தி கேட்டு ஒயிலரின் ஆவி வருந்தியிருக்கும் என்று யாம் கருதவில்லை. பேர்மாவுக்கு அவர் செய்த மரியாதையை அவருக்குப் பின்வந்தோர் செய்தனர், அவ்வளவே.

எம்போன்ற இளைஞர்க்கு இச்சரிதை புகட்டும் பாடம் யாது? பெரியோரை மறுத்துப் பேசுதல் எளிது. அதற்கு நா ஒன்றே போதும். மறுக்குமுன் கணக்கைச் செய்து முடித்தல் அரிது. 641 ஐக் கையில் வைத்திருப்பவனே பேர்மாவோடு மாறுபடத் தகுதியுடையவன். எம் மூத்தோரிடத்தும் பணிவான வேண்டுகோள் ஒன்றுண்டு. இளையவன் ஒருவன் ஐயத்தோடு வந்தால், அவனை வாயடக்கி அனுப்பாது, பேர்ணூலி ஆசிரியர்போலச் சனிக்கிழமைப் பிற்பகலொன்றை அவனுக்கு ஒதுக்கிக் கொடுப்பீர்களாக.

இறுதியாக, இதனைப் படிக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு சொல். ஒரு தாளையும் பென்சிலையும் எடுங்கள். 4,294,967,297 என்று எழுதுங்கள். 641 ஆல் நீள்வகுத்தல் முறையில் வகுத்துப் பாருங்கள். கால்மணி நேரம் போதும். மீதி வருகின்றதா, இல்லையா என்பதை நீங்களே காணுங்கள். யாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டா.